மயக்க டாக்டரிடம் கேளுங்கள்: “மகளை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?”

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆபரேஷனைப் பற்றி இல்லை, என் தொழிலைப் பற்றி. அதிலும் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றேதான்: இதில் என்ன கஷ்டம்? ஆசிரியரும், “இந்தத் தடவை கஷ்டத்தை மட்டும் எழுதுங்கள், பெருமையை அக்டோபர் 16-க்கு வைத்துக்கொள்வோம்” என்றார். 1846-ல் அந்தத் தேதியில்தான் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரைக் கொடுத்து, வலி தெரியாமல் ஆபரேஷன் செய்ய முடியும் என்று ஊரறியக் காட்டினார். வருடத்தில் எங்களுக்கு மாலை விழுகிற ஒரே நாள் அது. சரி, மற்ற நாட்களைப் பார்ப்போம்.

என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து நீட் பி.ஜி. எழுதியிருக்கிறாள். அவள் ரேங்குக்கு எம்.டி. மயக்கவியல் கிடைக்கும்போல் இருக்கிறது. சொந்தக்காரர்கள், “ஓ.பி. கிடையாது, பெயர் கிடையாது, பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி அலைச்சல் வேறு” என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள் டாக்டர்.
– ஒரு தாய், சிவகாசி

சொந்தக்காரர்கள் சொன்ன மூன்றும் உண்மைதான் அம்மா. ஆனால் அவர்களுக்குத் தெரியாத கஷ்டங்கள் இன்னும் இருக்கின்றன.

முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். படிப்பை விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அப்போதுதான் ஓடுகிறார்கள். மற்ற துறைகளில் புதிதாகச் சேர்ந்த பி.ஜி.க்கு ஒன்று தெரியாவிட்டால், “சீனியரைக் கேட்டுச் சொல்கிறேன்” என்று நகர்ந்துவிடலாம். வார்டுக்கு வெளியே போய்ப் புத்தகத்தைப் புரட்டலாம். இங்கே மருந்தைச் செலுத்தி நோயாளியின் மூச்சை நாமே நிறுத்துகிறோம். நிறுத்தியபின் குழாயை மூச்சுக்குழலுக்குள் விட்டே ஆக வேண்டும். முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்து நுரையீரலை நிரப்பியிருந்தால், ஆரோக்கியமான ஆளுக்குச் சில நிமிடம் அவகாசம் உண்டு. நிறைமாதக் கர்ப்பிணிக்கும் உடல் பருத்தவருக்கும் அதில் பாதிகூடக் கிடைக்காது. குரல்வளையைப் பார்க்கும் விளக்குக் கருவியான லாரிங்கோஸ்கோப்பை வாய்க்குள் விட்டால் பாடப் புத்தகத்தில் பார்த்த குரல்வளை தெரியாது. சிவப்பாக எதுவோ தெரியும், எச்சில் தெரியும். மானிட்டரில் பீப் பீப் என்ற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து இறங்கும். ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் சத்தத்தின் சுருதி இறங்கும்படி மெஷினை அமைத்திருக்கிறார்கள். பின்னால் சர்ஜன் கைகழுவி, கையுறை மாட்டி, “என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்பார். உங்கள் மகள் இதையெல்லாம் இருபத்தைந்து வயதில் செய்ய வேண்டியிருக்கும். சீனியர் பக்கத்தில் இருப்பார். ஆனாலும் கை அவளுடையது.

நான் படித்த காலத்தில் பல தியேட்டர்களில் பல்ஸ் ஆக்சிமீட்டரே கிடையாது. நோயாளியின் நாடியில் ஒரு விரல், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப், வெட்டிய இடத்தில் வரும் ரத்தத்தின் நிறத்தில் கண். ரத்தம் கறுத்தால் ஆபத்து. ஈதரும் அப்போது போயிருக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தலை குளித்தாலும் சேலையில் வாடை இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போவார். இப்போது அதெல்லாம் இல்லை. கருவிகள் வந்துவிட்டன. ஆனால் நேரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் தியேட்டருக்குப் போய் மெஷினைச் சோதிக்க வேண்டும், மருந்துகளை ஊசியில் ஏற்றி லேபிள் ஒட்ட வேண்டும். சர்ஜன் ஒன்பது மணிக்கு வருவார். கடைசித் தையல் போட்டதும் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நோயாளி கண் திறந்து, தலையைத் தூக்கி, ஒழுங்காக மூச்சு விடும்வரை நாம் அங்கேயே நிற்போம். சாயங்காலம் மறுநாள் லிஸ்டில் இருப்பவர்களை வார்டில் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் ஐ.சி.யூ. போஸ்டிங், தீசிஸ். இருபத்துநாலு மணி நேர டூட்டிக்கு மறுநாள் ஓய்வு என்று பட்டியலில் இருக்கும், பட்டியலில் மட்டும். தியேட்டருக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்ததே சாலை ஈரமாக இருப்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

படித்து முடித்தபின் வருவது வேறு வகை. கண் டாக்டரோ குழந்தை டாக்டரோ சொந்த ஊரில் ஒரு போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கூட்டம் மெதுவாகச் சேரும். எங்களுக்குப் போர்டு கிடையாது. சர்ஜன் கூப்பிட்டால்தான் வேலை. பெரிய நகரத்துக் கார்ப்பரேட் ஆஸ்பத்திரி என்றால் மாதச் சம்பளம் வரும். நம் ஊர்ப்பக்கம் என்றால் நாலு நர்சிங் ஹோம்களுக்கு ஓட வேண்டும்.

இவ்வளவும் தாங்கக்கூடியதுதான். தூக்கம் கெடுவது பழகிவிடும். பழகாதது ஒன்று இருக்கிறது: “இன்றைக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம்” என்று சொல்வது. நோயாளி சர்ஜனுடையவர், தியேட்டர் ஆஸ்பத்திரிக்காரருடையது, நாள் குறித்தது குடும்பத்தினர். அங்கே விருந்தாளிபோல வந்து நிற்கும் நாம்தான் “சர்க்கரை ஏறியிருக்கிறது, நெஞ்சில் சளி இருக்கிறது, தள்ளிப்போடுங்கள்” என்று சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாருக்கும் கோபம். சொல்லாமல் விட்டு ஏதாவது ஆனால் பொறுப்பு முழுவதும் நமக்கு. உங்கள் மகளுக்கு முகத்துக்கு நேரே மறுத்துப் பேச வருமா? ரேங்கைவிட அதைத்தான் நான் பார்ப்பேன். வரும் என்றால் தாராளமாகச் சேரட்டும். வயதில் மூத்தவர் முறைத்தால் குரல் உள்ளே போய்விடும் பிள்ளை என்றால், கொஞ்சம் யோசிக்கட்டும்.

பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். “மயக்கவியல் எடுத்தால் எந்த நோயாளிக்கும் உன் முகம் ஞாபகம் இருக்காது” என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். அது உங்களுக்கு வருத்தமாக இல்லையா?
– ஓர் இளம் டாக்டர், தஞ்சாவூர்

இருக்கத்தான் செய்கிறது தம்பி. இதில் வேடிக்கை என்னவென்றால், நோயாளியின் பதற்றம் குறைய மிடசோலம் என்று ஒரு மருந்து கொடுக்கிறோம். அது போட்டபின் நடப்பது மனதில் பதியாது. எங்களை மறப்பதற்கான மருந்தை நாங்களே கையால் போட்டுவிடுகிறோம்! கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரிதான். விருந்து நன்றாக இருந்தால் பெண் வீட்டாருக்குப் பெயர். உப்புக் கூடினால்தான் “யாரப்பா சமையல்?” என்ற கேள்வி வரும்.

என் பேரனையே ஆபரேஷனுக்கு மயக்கியது யார் என்று என் மருமகளுக்குத் தெரியாது. சர்ஜனுக்கு மட்டும் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. பில்லில் மயக்க டாக்டருக்கென்று தனியாக ஒரு தொகை. முதுகில் ஓர் ஊசி போட்டுவிட்டு, ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதற்கு இவ்வளவா?
– பெயர் வெளியிட வேண்டாம், கரூர்

கேள்வியில் கோபம் தெரிகிறது. நியாயமாகவே பதில் சொல்கிறேன்.

ஊசி போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். அதன்பின் இடுப்புக்குக் கீழே ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும், ரத்த அழுத்தம் இறங்கும். வயதானவருக்குச் சட்டென்று இறங்கும். நாடி குறையலாம், குமட்டலாம். மருந்து எதிர்பார்த்ததைவிட மேலே ஏறினால் மூச்சுவிடச் சிரமப்படுவார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தம் இறங்கியபோது ட்ரிப்ஸை வேகப்படுத்தி, சின்ன ஊசி ஒன்றைக் குழாயிலேயே ஏற்றியிருப்பார். உங்கள் அப்பாவுக்கு அது தெரிந்திருக்காது. தெரியாமல் இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்.

பில்லில் போட்ட தொகை முழுவதும் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குச் சந்தேகம். எங்கள் பகுதியில் நோயாளியிடம் நாங்கள் நேரடியாகப் பணம் வாங்குவதில்லை. ஆஸ்பத்திரியோ சர்ஜனோ வாங்கிக் கொடுப்பார்கள். சிலர் அன்றைக்கே கவரில் வைத்துக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். சிலர் மாதக் கணக்கில் இழுப்பார்கள். காப்பீட்டுக் கேஸ் என்றால், “பணம் வந்ததும் தருகிறோம் மேடம்” என்பார்கள். எப்போது வந்தது என்று நமக்குத் தெரியவே தெரியாது. கேட்கவும் கூச்சம். அழுத்திக் கேட்டால் அடுத்த கேஸுக்கு வேறு டாக்டருக்குப் போன் போகும்.

என் கார் டிக்கியில் ஒரு பெட்டி இருக்கிறது. லாரிங்கோஸ்கோப், அதற்கு மாற்று பேட்டரி, பச்சைக் குழந்தை முதல் பெரியவர் வரை எல்லா அளவிலும் குழாய்கள், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, அட்ரினலின், அட்ரோபின், கையடக்க ஆக்சிமீட்டர். ஸ்கோலின் என்ற மருந்து குளிரில் இருக்க வேண்டும், அதற்குத் தனியாக ஐஸ் டப்பா. எல்லாம் என் செலவு. சின்ன நர்சிங் ஹோமில் இவை இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது நோயாளியை இல்லை. ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது, சக்‌ஷன் இழுக்கிறதா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை விநாடியில் எடுக்கிறது, இதைத்தான். ஒரு நர்சிங் ஹோமில் இதற்காகவே எனக்கு “இன்ஸ்பெக்டரம்மா” என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று மிரட்டுகிறார்கள். குழந்தை பசியில் அழுவதைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு கெடுபிடி அவசியமா?
– ஒரு பாட்டி, தேனி

பாட்டி, கெடுபிடியில் பாதி அவசியம், பாதி எங்கள் ஆட்களின் சோம்பல். தெளிந்த தண்ணீரை ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம். பசும்பால், காபி, இட்லி எல்லாம் 6 மணி நேரம். எண்ணெய்ப் பலகாரமும் கறியும் என்றால் 8 மணி நேரம். ஆனால் தியேட்டரில் எந்தக் கேஸ் எப்போது உள்ளே போகும் என்று யாருக்கும் நிச்சயம் தெரியாது. அதனால் எல்லாரையும் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே பட்டினி போட்டுவிடுகிறார்கள். அதற்காக நீங்கள் கோபப்படலாம், தப்பே இல்லை.

ஆனால் விதி ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1946-ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவத்துக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட பெண்களைப் பற்றி எழுதினார். வயிற்றில் இருந்தது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கியிருந்தது. வயிற்று அமிலம் நுரையீரலை எப்படிப் புண்ணாக்குகிறது என்று முயல்களை வைத்தும் அவர் காட்டினார். விழித்திருக்கும்போது தண்ணீர் புரையேறினால் இருமித் துப்பிவிடுவோம். மயக்கத்தில் இருமல் வராது.

இதில் எங்கள் கஷ்டம், யாரும் உண்மையைச் சொல்வதில்லை. “ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர்” என்பார்கள். கொஞ்சம் விட்டு, “காபி மட்டும்தான்” என்பார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால், “ஒரே ஒரு இட்லி.” அதனால் குழந்தை என்றால் நான் பெரியவர்களிடம் கேட்பதே இல்லை. ஒரு பையனுக்கு விரைவீக்க ஆபரேஷன், ஐந்தாறு வயது இருக்கும். அம்மா “பச்சைத் தண்ணிகூடக் குடுக்கலை” என்று சத்தியம் செய்தார். நான் பையனிடம் குனிந்து, “காலையில என்ன டிபன்?” என்றேன். முகம் மலர்ந்து “பூரி!” என்றான். “எத்தனை?” என்றேன். விரல்களை விரித்துக் காட்டினான். பின்னால் நின்ற பாட்டி, “பச்சைப்புள்ள பசி தாங்குமா?” என்று என்னையே கேட்டார்.

நான் கேஸைத் தள்ளிப்போடச் சொன்னேன். சர்ஜன் பக்கத்து ஊரிலிருந்து அதற்காகவே வந்திருந்தார். மதியம் அவருக்கு வேறிடத்தில் லிஸ்ட். “ரெண்டு பூரிக்கு என்னம்மா ஆகப்போகுது, ட்யூப் போட்டுப் பண்ணிடலாமே” என்றார். உயிர் போகிற அவசரம் என்றால் வயிறு நிறைந்திருந்தாலும் செய்வோம், அதற்கு வழிமுறை உண்டு. இது நாளைக்குச் செய்யக்கூடிய ஆபரேஷன். நான் மறுத்துவிட்டேன். பையனின் அப்பாவும் ஒருநாள் கூலி போயிற்று என்று என்னைத்தான் திட்டினார். மறுநாள் அதே பையனுக்கு வேறொரு மயக்க டாக்டர் வந்து செய்தார், நன்றாக முடிந்தது. அதன்பின் அந்த சர்ஜன் பல மாதம் என்னைக் கூப்பிடவில்லை.

சிவகாசி அம்மாவுக்கு நான் மேலே சொன்னது இதைத்தான். அரசு ஆஸ்பத்திரியில் மறுத்தால் சண்டை வரும், சம்பளம் நிற்காது. தனியாரில் கேஸுக்குக் கேஸ் ஓடுகிறவர் மறுத்தால், மறுக்கப்படும் ஆளிடமிருந்துதான் அவர் வருமானமே வருகிறது. இந்த ஏற்பாடு சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். மயக்க டாக்டரின் ஊதியம் சர்ஜனின் கைவழியாக வரக் கூடாது.

முதல் பிரசவத்துக்கு முதுகில் ஊசி போட்டார்கள். பதினைந்து வருடமாக இடுப்புவலி. எல்லாம் அந்த ஊசியால்தானே?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

இந்தக் கேள்விக்காக எனக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்திருந்தால் இந்நேரம் குற்றாலத்தில் வீடு வாங்கியிருப்பேன். தமிழ்நாட்டில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களின் முதுகுவலிக்கெல்லாம் குற்றவாளி நாங்கள்தான்.

ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைவது என்று வரும். அது உண்மையான பக்கவிளைவு. ஊசி மெல்லியதாக ஆக ஆக அது குறைந்திருக்கிறது, வந்தாலும் மருத்துவம் இருக்கிறது. ஆனால் வருடக் கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் வளைந்த முதுகு, தளர்ந்த வயிற்றுத் தசை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்த வீட்டுவேலை, இவற்றை யாரும் விசாரிப்பதில்லை. எலும்பு டாக்டரைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள் அம்மா. ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் வலிதான் நீளும்.

முதுகு ஊசி பயத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1947 அக்டோபர் 13 அன்று இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு இந்த ஊசி போட்டு, இருவருக்கும் கால்கள் செயலிழந்தன. கண்ணாடிக் குப்பிகளைக் கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைப்பது அன்றைய வழக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகக் கரைசல் மருந்தில் கலந்தது என்று கோர்ட்டில் சொல்லப்பட்டது. வேறு காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் எழுதினார்கள். 1954-ல் தீர்ப்பு மயக்க டாக்டருக்குச் சாதகமாக வந்தது. 1947-ல் நடந்ததை 1954-ன் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது என்றார் நீதிபதி டென்னிங். ஆனால் ஜனங்களின் பயம் தீர்ப்பைக் கேட்டுப் போய்விடவில்லை. அந்நாட்டில் பல வருடம் இந்த ஊசியைத் தொடவே டாக்டர்கள் தயங்கினார்கள்.

மயக்கவியல் இரண்டாம் வருட பி.ஜி. நான். இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். தியேட்டர் வாயுக்கள் குழந்தையைப் பாதிக்குமா? சீனியர்களிடம் கேட்டால் “நாங்களும் இப்படித்தான் பெற்றோம்” என்கிறார்கள்.
– ஒரு மாணவி, சேலம்

அந்தப் பதிலை நானும் கேட்டிருக்கிறேன், அப்போதும் பிடிக்கவில்லை.

நைட்ரஸ் ஆக்சைடு என்ற சிரிப்பூட்டும் வாயுவும் மற்ற மயக்க வாயுக்களும் மெஷினிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் அறையில் கசியும். தியேட்டர்ப் பெண்களுக்குக் கருச்சிதைவு அதிகம் என்று 1970-களில் வந்த ஆய்வுகள் பயமுறுத்தின. அவற்றின் முறையில் குறைகள் உண்டு என்று பிறகு பலர் சொன்னார்கள். கழிவு வாயுவை வெளியே இழுக்கும் குழாய் அமைப்பும் நல்ல காற்றோட்டமும் உள்ள தியேட்டரில் இன்று ஆபத்து குறைவு. அது இருக்கிறதா என்பதே கேள்வி. நான் வேலை செய்த சின்ன இடங்கள் பலவற்றில் இருந்தது ஸ்ப்ளிட் ஏ.சி. மட்டும். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும், வெளியே தள்ளாது. நீங்கள் உங்கள் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்: குழந்தைகளுக்கு முகமூடி வைத்து வாயுவால் மயக்கும் தியேட்டரிலிருந்தும், எக்ஸ்ரே சி-ஆர்ம் ஓடும் எலும்புத் தியேட்டரிலிருந்தும் பிரசவம் வரை விலக்கு வேண்டும் என்று. வாயால் கேட்டால் மறந்துபோவார்கள்.

ஈயக் கவசம் நாலைந்து கிலோ இருக்கும். அதை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றதில் என் முதுகும் போனது. நான் யார் மேல் பழி போடுவது?

கூடவே ஒன்று, நீங்கள் கேட்காதது. வாயுவைவிட எனக்குப் பயமாக இருப்பது பூட்டிய அலமாரி. ஃபென்டனில், கெட்டமின், ப்ரோபோஃபால் என்ற வலி, மயக்க மருந்துகள் எல்லாம் எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. தூக்கமில்லாத, மனம் உடைந்த ஓர் இளம் டாக்டர் ஒருநாள் மிச்சமான மருந்தைத் தனக்கே போட்டுக்கொள்வது உலகம் முழுக்க எங்கள் துறைக்குத் தெரிந்த நோய். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. சிரிப்பூட்டும் வாயுவை மயக்கத்துக்குப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடி ஹோரஸ் வெல்ஸ், குளோரோஃபாமுக்கு அடிமையாகி 1848-ல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். பதிவேடு, இரட்டைப் பூட்டு, காலிக் குப்பியை எண்ணித் திருப்பிக் கொடுப்பது எல்லாம் அதற்காகத்தான். கூடப் படிப்பவர் அடிக்கடி பாத்ரூம் போகிறார், டூட்டி இல்லாத நாளிலும் தியேட்டரைச் சுற்றுகிறார், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறார் என்றால் சும்மா இருக்காதீர்கள். காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். இதில் முதல் அறிகுறியே சாவாக இருந்துவிடுவதுண்டு.

என் மனைவி மயக்க டாக்டர். ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால் கிளம்பிவிடுகிறார். பண்டிகை நாளில்கூட வீட்டில் இருப்பதில்லை. இதற்கு முடிவே இல்லையா?
– ஒரு கணவர், நாகர்கோவில்

சிசேரியன் தீபாவளி பார்த்து வருவதில்லை சார். அரசு ஆஸ்பத்திரியில் சீமாங் சென்டர் என்று இருபத்துநாலு மணி நேரமும் பிரசவ அவசரத்துக்குத் திறந்திருக்கிறதே, அங்கே மகப்பேறு டாக்டர் இருந்தாலும் மயக்கம் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் கத்தியைத் தொட முடியாது. ஒரு லட்சம் பேருக்கு மயக்கவியல் மருத்துவர் குறைந்தது 5 பேராவது வேண்டும் என்று உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு சொல்கிறது. நம் நாடு அந்த எண்ணுக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. இருப்பவர்களும் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். மிச்ச ஊர்களின் ராத்திரிகளை உங்கள் மனைவி மாதிரி சிலர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

முடிவு இல்லை, ஆனால் வழி உண்டு. உங்கள் ஊரில் நாலைந்து மயக்க டாக்டர்கள் சேர்ந்து முறைவைத்துக்கொண்டால் வாரத்தில் சில ராத்திரியாவது போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். சில ஊர்களில் செய்கிறார்கள். “என் சர்ஜனை அவர் பிடித்துக்கொள்வார்” என்ற பயம்தான் மற்ற ஊர்களில் தடுக்கிறது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று: ராத்திரி வேலை முடிந்து விடியற்காலையில் அவரைத் தனியாகக் கார் ஓட்ட விடாதீர்கள். தியேட்டரில் விழித்திருந்தவர்கள் திரும்பி வரும் வழியில் ஸ்டீரிங்கில் கண் அயர்வது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து.

ஆபரேஷனில் ஆள் இறந்தால் மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்றுதான் பேப்பரில் வருகிறது. சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பா?
– ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

பேப்பரில் அப்படித்தான் வரும் ஐயா, பிரேதப் பரிசோதனை முடிவதற்கு முன்பே வந்துவிடும். ரத்தப்போக்கில் இறந்தாலும், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்து இறந்தாலும் வெளியே சொல்லப்படுவது “மயக்கம் தெளியவில்லை”. சில ஆஸ்பத்திரிகளுக்கும் அது வசதி. நாங்கள் வெளியாட்கள்தானே.

மயக்கத்தால் சாவு வரவே வராது என்று நான் சொல்லவில்லை. பதிவான முதல் குளோரோஃபாம் மரணம் 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் நியூகாசில் அருகே. ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண். ஆபரேஷன் என்ன தெரியுமா? கால்விரல் நகத்தை எடுப்பது. அதனால்தான் எங்கள் ஆட்கள், “ஆபரேஷனில் மைனர் உண்டு, மயக்கத்தில் மைனர் கிடையாது” என்பார்கள்.

சட்டத்துக்கு வருவோம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நஷ்டஈடு கேட்கலாம். குற்ற வழக்கு என்றால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் தீர்ப்பு வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில், சிகிச்சையின்போது அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுவரை சிறை. விசாரணையில் மயக்க டாக்டரிடம் தவறாமல் கேட்பது: “நோயாளி தகுதியாக இல்லை என்றால் நீங்கள் ஏன் மறுக்கவில்லை?” அன்றைக்கு அவசரப்படுத்தியவர்கள் யாரும் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அதனால் நான் என் மாணவர்களிடம் சொல்வது: மறுத்தால் மறுத்ததை எழுது, ஏற்றுக்கொண்டால் ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கு, நேரம் போட்டு எழுது.

அடிக்க வருகிறவர்களுக்குச் சட்டம் கணக்கில்லை. 2008-லேயே தமிழ்நாட்டில் மருத்துவர்களைத் தாக்குவதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில், கர்ப்பிணி மனைவி இறந்த ஆத்திரத்தில் ஒருவர் பெண் மருத்துவர் ஒருவரை வெட்டிக் கொன்றார். மாநிலம் முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தோம். எங்கள் வீட்டில் சில வாரம், நான் ராத்திரி எமர்ஜென்சிக்குப் போனால் தம்பியும் கூட வந்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் ஏ.ஐ. வந்துவிட்டது. நாளைக்கு மெஷினே மயக்கம் கொடுத்துவிட்டால் இத்தனை வருடம் படித்தது வீண்தானே?
– ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விட்டது தம்பி. செடாசிஸ் என்று ஒரு மெஷின். ஜான்சன் அண்ட் ஜான்சன் தயாரித்தது. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு, ஆரோக்கியமான ஆட்களுக்கு மட்டும், ப்ரோபோஃபாலை அளந்து செலுத்தும். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி கிடைத்தது. மயக்க டாக்டர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அதில் வயிற்றுப் பிழைப்பும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டாம். 2016-ல் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள், வாங்க ஆளில்லை. இன்னொரு மெஷின் வரும், இதைவிட நன்றாகவே வரும். மூச்சு குறைந்தால் மருந்தை நிறுத்த செடாசிஸுக்கும் தெரிந்திருந்தது. பூரி சாப்பிட்ட பையனை எப்படி விசாரிப்பது என்று அதற்கும் யாராவது சொல்லிக்கொடுத்தால் சந்தோஷமாக வரவேற்பேன், எனக்கும் வயதாகிறது.

அடுத்த இதழில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிந்தைய வலி பற்றிய கேள்விகள். ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பாதீர்கள். ஆசிரியர் அவற்றை என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார், உங்கள் டாக்டரிடம் இருக்க வேண்டியவை என் மேஜையில் கிடக்கின்றன.